மாரப்பன் முறை

1988 வைகாசி மாதம், எழுபத்திரண்டு தென்னம்பிள்ளைகள், என் தம்பி மாரப்பன். எங்கள் ஊரில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். கடைசியில் என் பேரையும் சொல்வார்கள், சென்னியப்பன் என்று. அதைச் சொல்லும்போது மட்டும் வாய் ஒரு பக்கமாகப் போகும். நீங்கள் ஊருக்குப் புதுசு. யாரோ சொல்லிக் கேட்பதைவிட என் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோயமுத்தூர் வரைக்கும்தானே? நானும் அங்கேதான், மகன் வீட்டுக்கு. இந்தப் பஸ் நிற்காத இடம் கிடையாது. நேரம் நிறைய இருக்கிறது.

ஜன்னலில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருகிறீர்களே, இந்தப் பெரிய காற்றாலைகள், இவையெல்லாம் நேற்று வந்தவைங்க. எங்கள் தோட்டத்தில் 1985-லேயே காத்தாடி வந்துவிட்டது. கரண்ட் எடுக்கிற காத்தாடி இல்லை. தண்ணீர் இறைக்கிற காத்தாடி. நாலு கால் இரும்புக் கோபுரம், உச்சியில் தகடு வைத்த சக்கரம், சக்கரத்துக்குப் பின்னால் ஒரு வால். வால்தான் சக்கரத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவைக்கும். சக்கரம் சுற்றினால் கிணற்றுக்குள் இரும்புத்தண்டு ஏறி இறங்கும், தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் விழும். நிறுத்த வேண்டுமா, கோபுரத்தின் அடியில் ஒரு கைப்பிடி உண்டு. அதை இழுத்து மாட்டினால் மேலே வால் மடங்கிவிடும். சக்கரம் காற்றுக்கு விலாவைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். அவ்வளவுதான். எண்ணெய் வேண்டாம், கரண்ட் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று இருக்கிறதே, அது யாரிடமும் கூலி கேட்காது.

அது நானும் மாரப்பனும் சேர்ந்து போட்டதுங்க. சர்க்கார் மானியம் கொஞ்சம், மீதி எங்கள் கைக்காசு. இருந்த ஆயில் இன்ஜினை விற்றுப் போட்டோம். கரண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். வரிசை நகரவில்லை. மாரப்பன்தான் எங்கேயோ போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணா, காத்தை வெச்சே இறைக்கறாங்கண்ணா" என்று குதித்தான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் குதிப்புத்தான். எனக்கும் அவனுக்கும் ஒன்பது வருஷம் வித்தியாசம். என் தோளில் வளர்ந்தவன். அதையும் சொல்லிவிட வேண்டும், ஊரில் இருப்பவர்கள் சொல்லமாட்டார்கள்.

கிணற்று முறை என்றால் உங்களுக்குத் தெரியுமா? எங்கள் ஐயன், அப்பாவைத்தான் சொல்கிறேன், இருக்கும்போதே காட்டை, நாங்கள் நிலத்தைக் காடு என்போம், இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிணறு மட்டும் நடு வரப்பில் இருந்தது. கிணற்றை வெட்டியா பிரிக்க முடியும்? அதனால் நாளைப் பிரித்தார். இரண்டு நாள் எனக்கு, இரண்டு நாள் மாரப்பனுக்கு. கிழக்கே வெளுத்தால் மடை மாறும். வாய்க்கால் கிணற்று மேட்டிலிருந்து இறங்கி இரண்டாகப் பிரியும். அவன் நாளில் என் பக்கம் மண்ணைப் போட்டு அடைப்பான், என் நாளில் அவன் பக்கத்தை நான் அடைப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை வந்ததில்லை. ஒருமுறை நான் அசந்து தூங்கிவிட்டேன். விடிந்த பிறகும் ஒரு பீடி குடிக்கிற நேரம் தண்ணீர் என் பக்கம் ஓடிவிட்டது. அடுத்த முறையில் நானே உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்து, அது அணைகிற வரைக்கும் அவன் பக்கம் விட்டேன். மாரப்பன் சிரித்தான். "பீடியை வேகமா இழுத்துப் போடாதண்ணா, என் தண்ணி குறையும்" என்றான். அப்படி இருந்தவர்கள்.

காத்தாடி வந்ததும் அதே முறைதான். பின்னே வேறெப்படி? என் இரண்டு நாளில் காத்தாடி எனக்கு ஓடும், அவன் இரண்டு நாளில் அவனுக்கு ஓடும். காத்தாடியை மாட்ட வந்த இன்ஜினியர் ஒருத்தர், சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, அவர் சொன்னார்: "ஒரு தொட்டி கட்டிருங்க. காத்து எப்ப வந்தாலும் தொட்டியில நிறையட்டும். ரெண்டு பேரும் தொட்டித் தண்ணியைப் பங்கு போட்டுக்குங்க." எங்கே கட்டுவது? மேடான இடம் என் பங்கில் இருந்தது. என் மண்ணில் பொதுத்தொட்டி கட்டினால் நாளைக்கு அந்த மண் யாருடையது? நான் மாட்டேன் என்றேன். மாரப்பன் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அப்போதே சொல்லியிருக்கலாம்.

அவன்தான் தென்னம்பிள்ளை வைத்தவன். அவன் பெண்டாட்டி பாவாத்தாளுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து எழுபத்திரண்டு குழி தோண்டினார்கள். நான் சோளம் போட்டேன், சின்ன வெங்காயம் போட்டேன், மழை வந்தால் வரும், போனால் போகும். தென்னை அப்படியில்லை. ஒருமுறை வைத்தால் தண்ணீரை எதிர்பார்த்தே நிற்கும். நான் கேட்டேன், "எதுக்குடா இந்த வேலை?" என்று. "அண்ணா, மூணு கோடை தாண்டிட்டா வேர் கீழ போயிரும். அப்பறம் அதுக நம்மளைக் கேக்காது. இது வந்துட்டா நான் இந்தக் காட்டிலேயே கிடப்பேன். வரலைன்னா எனக்கு இங்க என்ன இருக்குது, திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். விளையாட்டாகத்தான் சொன்னான் என்று நான் நினைத்தேன்.

இரண்டு கோடை தாண்டிவிட்டது. மூன்றாவது, 1988. அதற்கு முந்தின ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். இறைக்கத்தான் காற்று இல்லை, கையால் சேந்தி மாளாத ஆழம். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் வேறு ஊர்க் கிணற்றிலிருந்து வண்டியில் பீப்பாய் வைத்து ஊற்றினார்கள். குடத்திலும் சுமந்தார்கள். குடம் பட்டுப் பாவாத்தாள் இடுப்பு காய்த்துப் போயிருந்தது என்று என் வீட்டுக்காரி துளசிமணி சொன்னாள். நான் பார்க்கவில்லை. தம்பி பெண்டாட்டி இடுப்பை நான் ஏன் பார்க்கிறேன்?

வைகாசியில் காற்று பிறந்தது. பிறந்ததே தவிர, ஒரு நிதானத்துக்கு வரவில்லை. இரண்டு நாள் அடிக்கும், இரண்டு நாள் படுக்கும். அடித்த இரண்டு நாளும் என் முறை. படுத்த இரண்டு நாளும் மாரப்பன் முறை. ஒருதரம் அப்படியானால் பரவாயில்லை. அடுத்ததரமும் அப்படி. அதற்கடுத்ததும். மாரப்பன் முதலில் சிரித்தான். "காத்துக்கு உன் மேலதான் பிரியம்ணா" என்றான். அவன் நாளில் விடியும்போதே வந்து காத்தாடிக்கு அடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு தகடு அசைந்தால் எழுந்து நிற்பான். மறுபடியும் உட்காருவான்.

அப்புறம் வந்து கேட்டான். நான் வெங்காயப் பாத்தியில் இருந்தேன்.

"அண்ணா, நாளை மாத்திக்கலாமா?"

"எப்படி மாத்தறது?"

"காத்தைப் பாத்து மாத்திக்கலாம். காத்து அடிக்கற நாள்ல காலையில உனக்கு, மத்தியானம் எனக்கு. அடிக்காத நாளு யாருக்கும் இல்ல."

"அப்படின்னா ஐயன் வெச்ச முறை?"

"ஐயன் நாளைத்தானே பிரிச்சாரு. காத்தைப் பிரிக்கலையே."

"காத்து இன்னைக்கு எம் பக்கம் இருக்குது, அதனால நீ மாத்தச் சொல்ற. நாளைக்கு உம் பக்கம் வந்தா நீ மாத்துவியா?"

"மாத்துவேன்" என்றான்.

மாற்றுவான்தான். அவன் குணம் அப்படி. ஆனால் அவன் மாற்றுவான் என்பதற்காக முறையை மாற்ற முடியுமா? எனக்குப் பிறகு என் மகன், அவனுக்குப் பிறகு அவன் பிள்ளைகள். நம் குணத்தை வைத்தா எழுதிவைப்பது? நான் சொன்னது சரிதானே? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

சரி, விடுங்கள்.

இப்போது ஊர் என்னைக் குற்றம் சொல்கிற இடம் வருகிறது. மறுபடியும் என் முறை வந்தது, மறுபடியும் காற்று. பேய்க்காற்று. ஆனால் என் காட்டில் தண்ணீர் போதும் போதும் என்று ஆகிவிட்டது. சோளம் நனைந்தாயிற்று. வெங்காயத்துக்கு அதற்கு மேல் விட்டால் அழுகிவிடும். அதனால் கைப்பிடியை இழுத்து மாட்டினேன். வால் மடங்கியது, காத்தாடி நின்றது. இதில் என்ன தப்பு? என் நாள், என் காற்று, எனக்குத் தேவையில்லை, நிறுத்தினேன்.

பாவாத்தாள் வந்தாள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதையில் குறைவைத்ததில்லை, அன்றைக்கு வரைக்கும்.

"மாமா, உங்களுக்குத் தண்ணி போதும்னா ஓடறது ஓடட்டும், எங்க பக்கம் திருப்பிக்கிறோம்."

"இன்னைக்கு உங்க முறை இல்லையேம்மா."

"இல்லைங்க மாமா. நீங்க வேண்டாம்னு நிறுத்துனதைத்தானே கேக்கறோம்."

நான் அவளுக்குப் பொறுமையாகச் சொன்னேன். இன்றைக்கு நான் விட்டால் அது உதவி. நாளைக்கும் விட்டால் பழக்கம். அதற்கப்புறம் அது பாத்தியம். அண்ணன் முறையில் தம்பிக்குத் தண்ணீர் பாய்ந்தது என்று நாலு பேர் சாட்சி சொன்னால் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். நம் பக்கத்தில் எத்தனை வண்டிப்பாதை இப்படிப் போயிருக்கிறது? சும்மா நடக்க விட்டவன் வழியை இழந்தான். இதெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். போகும்போது காத்தாடியைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வீண் சண்டை வேண்டாம் என்று வீட்டுக்குப் போய் ஒரு பூட்டை எடுத்துவந்து கைப்பிடியில் போட்டேன். சண்டை வரக்கூடாது என்றுதான் பூட்டினேன்.

துளசிமணி சோறு போடும்போது கேட்டாள், "ஏனுங்க, காத்துக்குமா பூட்டுப் போடுவாங்க?" என்று. அவள் போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. நல்லவள்தான், ஆனால் கணக்குத் தெரியாது.

மறுநாளும் என் முறைதான். பூட்டு அப்படியே இருந்தது. காற்று முந்தின நாளைவிட அதிகம். நான் வெங்காயத்தில் களை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மேலே ஒரு சத்தம், தகரத்தை உலுக்குகிற மாதிரி. பார்த்தால், கோபுரத்தின் உச்சியில் பாவாத்தாள். சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, ஒரு தென்னை உயரம் இருக்கும், அந்தக் காற்றில் மேலே நிற்கிறாள். கீழே பூட்டினால் என்ன, கைப்பிடியிலிருந்து போகிற கம்பி மேலே போய் வாலில் ஒரு கொக்கியில்தான் மாட்டும். மசகு போட வருகிறவன் ஏறுவதைப் பார்த்து வைத்திருக்கிறாள். கொக்கியைக் கழற்றிவிட்டாள். வால் விரிந்தது. சக்கரம் அப்படியே திரும்பி அவள் தலைக்குப் பக்கத்தில் சுற்ற ஆரம்பித்தது. அவள் இரும்பைக் கட்டிக்கொண்டு ஒட்டிக்கிடந்தாள்.

"இறங்கு! இறங்குடி!" என்று கத்தினேன். கோபத்தில் 'டி' வந்துவிட்டது, அது என் தப்புத்தான். மேலிருந்து அவளும் என்னமோ சொன்னாள். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்து வரப்பில் நின்ற பக்கத்துக் காட்டுக்காரர்களுக்குக் கேட்டது. இன்றைக்கு வரைக்கும் அவர்கள் எனக்குச் சொல்லவில்லை.

இறங்கிவந்தாள். நேராக மண்வெட்டியை எடுத்து மடையைத் திருப்பினாள். தண்ணீர் அவர்கள் பக்கம் போயிற்று. நான் என்ன செய்வது? தம்பி பெண்டாட்டி. தொட்டுத் தடுக்க முடியுமா? கையில் மண்வெட்டி வேறு. நான் நின்றேன். தண்ணீர் தென்னங்குழிகளுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கும்போது ஒரு சத்தம் வரும், தெரியுமா? மேல் வரிசையில் நாலைந்து குழி நிறைந்திருக்கும். அதற்குள் மாரப்பன் பீப்பாய் வண்டியோடு வந்தான். காத்தாடியைப் பார்த்தான், பாவாத்தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, மடையை என் பக்கம் திருப்பிவிட்டான்.

அதைச் சொல்ல வேண்டும். திருப்பிவிட்டது அவன்தான்.

கம்பிதான் கழன்றுவிட்டதே, இனிக் காத்தாடியை நிறுத்த முடியாது. நாள் முழுக்க இறைத்தது, அத்தனையும் என் வெங்காயத்தில். பாதிப் பாத்தி அழுகிவிட்டது. அதற்கு யார் பொறுப்பு? அதை ஊர் பேசுவதில்லை.

பெரியவர்களை வைத்துப் பேசினேன். பால் சொசைட்டி வாசலில், காலைப் பால் ஊற்றி முடிந்த பிறகு. என் பெண்டாட்டியே வேண்டாம் என்றாள். ஆனால் இதை இப்படியே விட்டால் என்ன ஆகும்? கருப்பணன் என்று எங்கள் பங்காளி ஒருத்தர், மூத்தவர், அவர்தான் கேட்டார்.

"ஏம்மா பாவாத்தா, பொம்பளை அத்தனை உசரம் ஏறலாமா? விழுந்திருந்தா என்ன ஆறது?"

அவள் தூணோரம் நின்றபடி சொன்னாள்: "விழறதா இருந்தா எங்க முறையிலதானுங்க விழுந்திருக்கோணும். மாமா முறையில விழுந்தா அதுக்கும் பஞ்சாயத்து வெப்பாங்க."

பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கருப்பணனே சிரித்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். முறை சென்னியப்பனுடையது. பூட்டை மீறியது தப்பு. தம்பி வீட்டார் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணனும் பெரிய மனசு பண்ணி இந்த ஒரு வைகாசிக்குக் கொஞ்சம் பார்த்து நடக்க வேண்டும்.

நான் பார்த்து நடக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவள் மன்னிப்புக் கேட்கட்டும், அதன் பிறகு நானாகவே சொல்வது என்று இருந்தேன். அதற்குள் மாரப்பன் எழுந்துவிட்டான்.

"பெரியவங்க சொன்னது சரிதானுங்க. முறை அண்ணனோடதுதான். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

இத்தனை பேர் முன்னால் அவன் வாயால் சொன்னான். ஒரு தப்பும் இல்லை. கேட்டவர்கள் பாதிப்பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சொல்லிவிட்டு வந்து என் காலில் விழுந்தான். அவள் விழவேண்டிய இடத்தில் அவன் விழுந்தான். அண்ணன் காலில் தம்பி விழுவதில் என்ன குறைச்சல்? ஒன்றுமில்லை. எழுந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் சொல்ல நினைத்ததை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனி பிறந்து சில நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. துளசிமணியிடம் சொல்லிவிட்டுப் போனானாம். "அண்ணன்கிட்டச் சொல்லிருங்கண்ணி, காடு அப்படியே கிடக்கட்டும்" என்று.

தென்னம்பிள்ளைகளா? என்ன ஆகும்? துளசிமணி குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள், நான்தான் தடுத்தேன். அவன் காட்டில் நாம் கால் வைத்து, அவன் மரத்துக்கு நாம் தண்ணீர் ஊற்றினால், நாளைக்கு மரம் வளர்ந்து நிற்கும்போது அண்ணன் வளர்த்த மரம் என்று ஊர் சொல்லும். அவன் திரும்பிவரும்போது அவனுடையது அவனுடையதாக இருக்க வேண்டாமா? கோபம் தணிந்து ஆடிக்குள் வந்துவிடுவான் என்று நினைத்தேன். வரவில்லை. ஆவணியில் குருத்துகள் காய்ந்து சாய்ந்துவிட்டன.

இப்போது ஊர் சொல்லாத பாகத்தைச் சொல்கிறேன். மேலே கழன்ற கொக்கியை ஆள் வைத்து மாட்டினேன். பூட்டைப் போடவேயில்லை. மாரப்பன் முறை வரும் நாளில் விடிவதற்கு முன்னால் எழுந்துபோய்க் கைப்பிடியை இழுத்து வாலை மடக்கிவிடுவேன். இரண்டு நாள் காத்தாடி நிற்கும். என் முறை வந்ததும் அவிழ்த்துவிடுவேன். ஆடிக்காற்று அம்மியைத் தூக்கட்டும், அவன் முறையில் ஒரு சொட்டு நான் இறைக்கவில்லை. அவன் இல்லை, அவன் காடு தரிசு, யார் கேட்கப் போகிறார்கள்? கேட்க ஆளில்லாதபோது வைத்துக்கொள்வதற்குத்தானே முறை. அவன் இல்லாத நேரத்தில் நான் இறைத்தேன் என்றால் அவன் முறை செத்துப்போகும். அவன் திரும்பிவந்து என்னிடம் கேட்டு வாங்குகிற மாதிரி ஆகிவிடும். என் தம்பி என்னிடம் கேட்டு வாங்குவதா?

கஷ்டம் இல்லாமல் இல்லை. காற்று அவன் முறையில் அடித்து என் முறையில் படுத்த வருஷங்களும் வந்தன. மாரப்பன் உட்கார்ந்த இடத்திலேயே நானும் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தேன். வெங்காயம் போடுவதை விட்டேன். பிறகு சோளத்தையும் குறைத்தேன். கரண்டுக்கு எங்கள் வரிசை வந்தபோது, பொதுக்கிணறு, இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். மூத்தவன் நான். நான் போய் அவன் வாசலில் நிற்பதா? அவனாக ஒருநாள் வருவான், வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று அதையும் விட்டேன். அதற்குள் என் மகன் வெறுத்துப்போய் மில் வேலைக்குப் போனான். "சித்தப்பாவுக்குப் போன் பண்ணி ஒரு வார்த்தை பேசுங்கப்பா, முடிஞ்சுது" என்பான். அவனுக்கு என்ன தெரியும், பேசித் தீர்க்கிற விஷயமா இது?

2011 ஆடியில் மாரப்பன் வந்தான்.

காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கம் காடு தேடிக்கொண்டு திரிந்த சமயம். தரிசாகக் கிடப்பது யாருடையது என்று விசாரித்துத் திருப்பூருக்கே போய்விட்டார்கள் போலிருக்கிறது. வாடகைக் காரில் அவனும் பாவாத்தாளும் வந்து இறங்கினார்கள். தலை முழுக்க நரைத்து, என்னைவிட மூத்தவன் மாதிரி இருந்தான். பனியன் கம்பெனியில் சாயத் தண்ணீரில் நின்று கால் இரண்டும் கறுத்துப்போயிருந்தன. நான் கிணற்று மேட்டில் இருந்தேன். வந்தவன் என்னைப் பார்க்கவில்லை, முதலில் மேலே காத்தாடியைத்தான் பார்த்தான்.

"ஏண்ணா, இத்தனை காத்து அடிக்குது, காத்தாடி நிக்குது? கெட்டுப்போச்சா?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கெடலை" என்றேன். "இன்னைக்கு உன் முறை."

அவனுக்கு விளங்கவில்லை. பாவாத்தாளுக்குத்தான் முதலில் விளங்கியது. வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாண்ணா?"

"நீ போனதுல இருந்து."

மாரப்பன் அப்படியே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். காரில் வந்த அலுப்பு. ஆடி மாதம் எங்கள் பக்கம் மண் பறக்கும், அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பாவாத்தாள்தான் பேசினாள்.

"இத்தனை வருசக் காத்தும் வீணாப் போச்சுங்களே மாமா."

"வீணா? முறைப்படி நின்ன காத்து எப்படிம்மா வீணாகும்?"

"நாங்க இல்லாதப்ப நீங்க இறைச்சிருந்தா நாங்க என்னங்க கேக்கப் போறோம்?"

"நீங்க கேக்கமாட்டீங்க. ஒரு நாள் இறைச்சா அது பாத்தியம் ஆயிருமேம்மா."

"அன்னைக்கும் இதைத்தானுங்க சொன்னீங்க" என்றாள்.

நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம்தான். அன்றைக்கு ஒன்று இன்றைக்கு ஒன்று பேசுகிறவன் இல்லை நான் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டதே. மாரப்பனிடம் திரும்பி, "உன் முறை. எந்திரிச்சு அவுத்துவிடு" என்றேன். எழுந்தான். கைப்பிடியில் கையை வைத்தான். அது அவன் கைப்பிடிதானே, எத்தனை விடிகாலை பிடித்தது! கொஞ்சநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"வேண்டாம்ணா" என்றான். "எங்க பாய்ச்ச?"

அவன் காட்டைப் பார்த்தேன். தென்னங்குழிகள் தூர்ந்து, இடத்துக்கு இடம் பள்ளமாகத் தெரிந்தன. வேலிக்காத்தான் ஏறிக்கிடந்தது. "அதுக்கென்ன, வெட்டிப்போட்டு மறுபடியும் வெச்சாப் போச்சு. மூணு கோடைதானே?" என்றேன். மாரப்பன் சிரித்தான். பழைய சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புத்தான். "எனக்கு இனி மூணு கோடையாண்ணா?" என்றான். வயசு அறுபதுகூட ஆகவில்லை அவனுக்கு, பேச்சைப் பாருங்கள்.

வீட்டுக்கு வரச்சொன்னேன், வந்தார்கள். துளசிமணி படத்துக்கு முன்னால் பாவாத்தாள் கொஞ்சநேரம் நின்றாள். காப்பி போட ஆளில்லை, நானே மோர் கரைத்துக் கொடுத்தேன். மாரப்பன் குடித்தான். கிளம்பும்போது வாசல்வரை வந்தேன். "காட்டைப் பத்தி என்ன நினைக்கற?" என்று நானாகக் கேட்டேன். நானாகக் கேட்டேனுங்க, மூத்தவன்.

"யோசிச்சு ஒரு முடிவு பண்றேண்ணா. என் முறைக்கும் சேர்த்து" என்றான்.

அவன் முறை என்று அவன் வாயால் சொன்னதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மறுநாளே இரண்டு ஆள் வைத்தேன். அவன் பக்கத்து வாய்க்கால் இருந்த இடம் தெரியாமல் மேவிப்போயிருந்தது. கடைசி வரப்பு வரைக்கும் செதுக்கி, கரை கட்டி, தண்ணீர் விட்டால் ஓடுகிற மாதிரி வைத்தேன். அவன் காட்டில் கால் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வாய்க்கால் பொது. கூலி கொடுக்கும்போது ஆட்கள் கேட்டார்கள், "ஏனுங்க, தரிசுக் காட்டுக்கு எதுக்குங்க வாய்க்கால்?" என்று. "தம்பி வர்றான்" என்றேன்.

இதோ பல்லடம் வந்துவிட்டது. இங்கே கொஞ்சநேரம் நிறுத்துவான். நீங்கள் டீ குடிப்பதானால் இறங்குங்கள், நான் இடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2011 ஆகஸ்ட் 25, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு, பத்திரப்பதிவு ஆபீசில் மாரப்பன் கையெழுத்துப் போட்டான். காடு கம்பெனிக்கு. கிணற்றில் அவனுக்கிருந்த முறை எனக்கு.